வத்தகப்பழமும் ஒரு வாக்குமூலமும்

பொய் சொல்வதை நான் முற்றாக எதிர்ப்பவன் அல்லன். அளவான பொய் வீட்டுக்கு நல்லது. ஆனால் ஓர் இடத்துக்குப் போய்வந்ததாகப் பொய் சொன்னால், அதற்குப் பிறகு அந்த இடத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. இந்தச் சின்ன விஷயத்தை நான் என் முப்பத்தோராவது வயதில், துனிசியாவின் தெற்கே போகும் ஒரு நெடுஞ்சாலையில், ஒரு கழுதையின் முன்னிலையில் விளங்கிக்கொண்டேன். (வயது முப்பத்தொன்று என்பதையும் அன்றுதான் ஒத்துக்கொண்டேன். அதுவரை இருபத்தெட்டு.)

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸின் பீல் நகரில், கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் கடிகாரக் கூடுகளைப் பளபளப்பாக்குவது என் வேலை. சுழலும் துணிச் சில்லில் நாள் முழுக்க உலோகத்தைப் பிடித்துத் தேய்க்க வேண்டும். மாலையில் மூக்கைச் சீறினால் கறுப்பாக வரும். எங்கள் சனம் அகதி விண்ணப்பத்தோடு வந்து இறங்கத் தொடங்குவதற்கு முன்பே, ஹோட்டல் படிப்பு என்று வந்து, அதைப் பாதியில் விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குள் புகுந்தவன் நான். ஆகவே என்னிடம் ஆண்டு அனுமதி அட்டை இருந்தது, கடவுச்சீட்டு இருந்தது, எல்லை தாண்டிப் போய்வரும் உரிமை இருந்தது. பிறகு வந்த பொடியன்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அந்த உரிமையை வைத்துக்கொண்டு நான் போன ஆகத் தூரமான இடம் சோலோதுர்ன். பீலில் இருந்து ரயிலில் ஏறி இருந்து ஒரு பேப்பர் வாசித்து முடிப்பதற்குள் வந்துவிடும்.

அந்த நேரத்தில்தான் எனக்குச் சம்பந்தம் ஒன்று வந்தது. பெண் யாழ்ப்பாணத்தில். பெயர் வனஜா. பெண்ணின் அக்கா பவளம் பாசல் நகரில் இருந்தார், ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. அவருடைய கணவர் தில்லையண்ணை மருந்துத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குபவர். அவர்களும் என்னைப்போல முன்பே வந்த அனுமதிக்காரர்கள். ஊரில் ஹெலிச் சூடும் ஷெல்லடியுமாக இருந்த காலம். தங்கச்சியை எப்படியாவது வெளியே எடுத்துவிட வேண்டும் என்று பவளமக்கா தவித்துக்கொண்டிருந்தார். ஆனாலும் ஆளைப் பார்த்துத்தான் கொடுப்பேன் என்பதில் உறுதியாக இருந்தார். பாசலுக்குப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அந்தப் பெண்ணின் படத்தைக் காட்டினார்கள். பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதில் மிகைப்படுத்தல் எதுவும் இல்லை, ஏனென்றால் என் சமையலும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் பாசலில் எனக்கு நேர்முகப் பரீட்சை நடந்தது. தில்லையண்ணை தேத்தண்ணி ஊற்றுவார். பவளமக்கா கேள்வி கேட்பார்.

"தம்பி, தொழிற்சாலையில என்ன பொறுப்பில இருக்கிறீர்?"

"எனக்குக் கீழ நாலுபேர் அக்கா." (எங்கள் இயந்திரங்கள் மாடியில் இருந்தன. கீழ்த்தளத்தில் நாலுபேர் வேலை செய்தார்கள்.)

"பிரெஞ்சு கதைப்பீரோ?"

"தண்ணி மாதிரி."

"கார் ஓடுவீரோ?"

இந்தக் கேள்விக்கு "ஓம்" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் அக்காவுக்குப் பின்னால், அலமாரியில், அந்தப் படம் சட்டம் போட்டு நின்றது. அது என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கார் ஓடுறதோ? போன கோடை விடுமுறைக்குத் துனிசியா முழுக்க நான்தான் ஓடினனான் அக்கா. பதினைஞ்சு நாள். வனாந்தரம், உப்பு ஏரி, பேரீச்சந்தோப்பு எல்லாம். அந்த ரோட்டெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு."

உண்மை இதுதான். கோடையில் கடிகாரத் தொழிற்சாலைகள் எல்லாம் ஒன்றாகப் பூட்டும். என் பக்கத்து இயந்திரத்தில் வேலைசெய்த துனிசியாக்காரன் பெசீர் அந்த விடுமுறைக்குக் காரில் ஊருக்குப் போனான். நான் பீலில், ஜன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு, தகரத்தில் அடைத்த மீனைத் தின்று பதினைந்து நாளும் படுத்திருந்தேன். பெசீர் திரும்பி வந்து இடைவேளைகளில் சொன்ன கதைகளைத்தான் பாசலில் இறக்கினேன். கார் ஓடும் அனுமதிப் பத்திரம்கூட அப்போது என்னிடம் இல்லை. பரீட்சையில் இரண்டுமுறை கோட்டை விட்டிருந்தேன்.

பவளமக்கா கதையை ஆறுதலாகக் கேட்டு முடித்தார். பிறகு தில்லையண்ணையைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, நாங்களும் கலியாணம் கட்டின நாளிலயிருந்து ஒரு இடமும் போகேல்லை. இந்தமுறை லீவுக்குத் தம்பி எங்களையும் அங்க கூட்டிக்கொண்டு போகட்டுமன்."

"ஓம், நல்லதுதானே" என்றார் தில்லையண்ணை. அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

அடுத்த நாலு மாதமும் நான் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மூன்றாம்முறை பரீட்சைக்குப் போய்ப் பயணத்துக்கு ஐந்து கிழமை முன்னர் அனுமதிப் பத்திரம் எடுத்தேன். (பரீட்சகர் கையெழுத்துப் போடும்போது கண்ணை மூடிக்கொண்டார்.) பழைய வெள்ளைக் கார் ஒன்று வாங்கினேன். விசா வராது என்று நம்பியிருந்தேன், வந்தது. தில்லையண்ணைக்கு லீவு கிடைக்காது என்று வேண்டிக்கொண்டேன், கிடைத்தது. போதாக்குறைக்குப் பெசீர், கஃப்சாவுக்குப் பக்கத்தில் தன் தம்பிக்குக் கலியாணம், கட்டாயம் வா என்று முகவரி எழுதித் தந்துவிட்டு முன்கூட்டியே புறப்பட்டுப் போய்விட்டான். எனக்கு வழிகாட்ட இருந்த ஒரே ஆளும் இல்லை.

இத்தாலிக்குப் போகும் வழியில் கொத்தார்ட் மலைச் சுரங்கத்தை நான் எப்படித் தாண்டினேன் என்று இன்றுவரை தெரியாது. பதினேழு கிலோமீற்றரும் மூச்சு விடவில்லை என்று நினைக்கிறேன். ஜெனோவாவில் கப்பலுக்குள் காரை ஏற்றும்போது இத்தாலிய மாலுமிகள் இரண்டுபேர் ஓடித் தப்பினார்கள். கப்பலில் பவளமக்கா மேல்தளத்தில் இருந்து தங்கச்சிக்கு விமானத் தபாலில் போகும் நீலக் கடிதம் எழுதத் தொடங்கினார். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நிமிர்ந்து என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுவார். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன். கடலில் அலையே இல்லை.

மறுநாள் காலை துனிஸ் துறைமுகத்தில் இறங்கினோம். இறங்கும்போது சுங்கக்காரரின் நாற்காலி ஒன்றை இடித்துவிட்டேன். நல்லகாலம், அவர் அதில் இருக்கவில்லை. பவளமக்கா நெற்றியைச் சுருக்கினார்.

"தம்பி, உமக்குக் கண்ணூறு பட்டுப்போச்சு. போன வருசம் அவ்வளவு வடிவா ஓடின ஆள் இப்ப இப்பிடித் தடுமாறுறதெண்டால் வேற காரணம் இல்லை. காரை நிப்பாட்டும்."

கண்ணூறு கழிக்க வேண்டும், அதாவது திருஷ்டி சுற்றிப் போட வேண்டும். பாசலில் இருந்தே அக்கா கைப்பையில் தேசிக்காயும் குங்குமமும் கொண்டுவந்திருந்தார். நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்தாயிற்று. ஆனால் உடைக்க நீத்துப்பூசணிக்காய் வேண்டுமே. தெருவோரம் எங்கு பார்த்தாலும் வத்தகப்பழம்தான் குவிந்து கிடந்தது. (தமிழ்நாட்டுக்காரர் தர்பூசணி என்பார்கள்.) அதில் ஆகப் பெரியதாகப் பார்த்து ஒன்று வாங்கினார். மேலே ஓட்டை போட்டு, குங்குமம் முழுவதையும் உள்ளே கொட்டி, தண்ணீர் விட்டுக் கலக்கி, காரைச் சுற்றி மூன்றுமுறை காட்டிவிட்டுத் தில்லையண்ணையிடம் கொடுத்தார்.

"முன்னால போய் ரோட்டில ஓங்கி அடியுங்கோ."

தில்லையண்ணை வாழ்க்கையில் ஒருமுறையாவது ஒன்றை ஓங்கிச் செய்தார் என்றால் அது அன்றுதான். நீத்துப்பூசணிக்காய் வெடித்தால் நாலு துண்டாக விழும், அவ்வளவுதான். வெயிலில் கொதித்துக் கிடந்த வத்தகப்பழம் குண்டுபோல வெடித்தது. காரின் மூஞ்சி முழுக்கச் சிவப்பு. விளக்குகளில் சிவப்பு, முன் தட்டில் சதை, ரேடியேட்டர் கம்பிகளுக்குள் சதை, என்ஜின் மூடியில் தாரை தாரையாகக் குங்குமத் தண்ணீர். தில்லையண்ணையின் வெள்ளைச் சட்டையிலும் நெஞ்சிலிருந்து வயிறுவரை.

நான் வாளி தேடினேன். அக்கா தடுத்துவிட்டார்.

"கழுவக் கூடாது. போய்ச் சேருமட்டும் அப்பிடியே இருக்கட்டும்."

அந்தக் கோலத்தில்தான் நாங்கள் துனிசியாவின் குறுக்கே புறப்பட்டோம். துனிஸ் நகரத்தைவிட்டு வெளியே வர எனக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடித்தது. ஒரே மசூதியை மூன்றுமுறை கடந்தோம்.

"தம்பி, இது முந்திப் பாத்த மசூதியெல்லோ?"

"இல்லை அக்கா, இது வேற. இஞ்ச எல்லாம் ஒரே மாதிரித்தான் கட்டுறவை."

"அடுத்தது என்ன ஊர் வரும்?"

"ஒரு ஊர் வரும் அக்கா."

ஊர் வந்தது. எந்த ஊர் என்று பலகையில் அரபியிலும் பிரெஞ்சிலும் எழுதியிருந்தது, நான் ஓடிய ஓட்டத்தில் இரண்டையும் வாசிக்க முடியவில்லை. வெயில் ஏற ஏறக் காரின் முன்பக்கச் சிவப்பு காய்ந்து கருஞ்சிவப்பாகியது. புழுதி அதில் ஒட்டியது. நிறுத்தும் இடமெல்லாம் இலையான்கள் கும்பலாக வந்து மொய்த்தன. பின் இருக்கையில் நீலக் கடிதம் நீண்டுகொண்டிருந்தது.

கைரவான் நகரம் தாண்டி ஒரு மணித்தியாலம் போயிருப்போம். சின்னச் சந்தி ஒன்றில் ஒரு காவல் சாவடி. மீசைவைத்த அதிகாரி ஒருவர் தெருவோரம் சாவகாசமாக நின்றார். எங்கள் காரைக் கண்டதும் அவருடைய சாவகாசம் போய்விட்டது. கையை உயர்த்தினார். நான் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றால், அவரைத் தாண்டிப் பத்து யார் தூரம் போய்த்தான் நின்றது.

அவர் காரின் முன்னால் வந்து குனிந்து பார்த்தார். இலையான்களைப் பார்த்தார். கம்பிகளுக்குள் தொங்கிய சதையைப் பார்த்தார். பிறகு ஜன்னலால் தலையை நீட்டித் தில்லையண்ணையின் சட்டையைப் பார்த்தார். தில்லையண்ணை மரியாதைக்குச் சிரித்தார்.

பிறகு நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கிக்கொண்டோம். அன்று மத்தியானம் அந்த வழியால் போன வெளிறிய நிறக் கார் ஒன்று ஒரு விவசாயியின் கழுதையை அடித்துவிட்டு நிற்காமல் ஓடிவிட்டதாம். அவர்கள் அந்தக் காரைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதுவாகவே வந்து, கொஞ்சம் தாண்டி நின்றிருந்தது.

அதிகாரி என்னிடம் பிரெஞ்சில் கேள்விகளை அடுக்கினார். பவளமக்கா நம்பிக்கையோடு என்னைப் பார்த்தார். தண்ணி மாதிரிப் பிரெஞ்சு கதைப்பவன் அல்லவா. எனக்குத் தெரிந்த பிரெஞ்சு முழுவதும் தொழிற்சாலையில் பொறுக்கியது. "இன்னும் தேய்க்க வேணும்", "இடைவேளை", "மேலாளர் வாறார்", இவ்வளவுதான். கழுதையை அடித்தாயா என்று கேட்பவருக்கு இதில் எதைச் சொன்னாலும் பொருந்தாது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "மேலாளர் வாறார்" என்று சொன்னேன். அதிகாரி தெருவின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. கடவுச்சீட்டுகளை வாங்கிக்கொண்டு எங்களைச் சாவடிக்குள் இருக்கச் சொன்னார்.

சாவடிக்கு எதிரே தேநீர்க் கடை. அதன் முதலாளி ஏழு வருடம் ஜெர்மனியில் வேலை செய்துவிட்டு வந்தவர். அவரை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். அவர் வந்தார், அவரோடு கடையில் இருந்த எட்டுப்பேரும் வந்தார்கள். பவளமக்காவுக்கு நல்ல ஜெர்மன். கண்ணூறு என்றால் என்ன, பூசணிக்காய் என்றால் என்ன, அது கிடைக்காததால் வத்தகப்பழம் என்று எல்லாவற்றையும் விபரமாகச் சொன்னார். தேநீர்க் கடைக்காரர் அரபியில் சொன்னார். எட்டுப்பேரும் தலையாட்டினார்கள். கண்ணூறு அவர்களுக்கும் தெரிந்த விஷயம்தான். அதிகாரிக்கும் முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் கழுதையின் சொந்தக்காரர் வந்து பார்க்கட்டும் என்று ஆளனுப்பினார்.

அதோடு அக்கா வாயை மூடியிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஆனால் அவர் எனக்கு நல்லது செய்ய நினைத்தார். என்னைக் கையால் காட்டி, ஜெர்மனில் சத்தமாகச் சொன்னார்: "இவர் சரியான பொறுப்பானவர். போன வருசமும் இஞ்ச வந்து பதினைஞ்சு நாள் கார் ஓடினவர். ஒரு கோழிக்குக்கூட ஒண்டும் நடக்கேல்லை!"

கடைக்காரர் மொழிபெயர்த்தார். அதிகாரி என் கடவுச்சீட்டை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை புரட்டினார். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை. புத்தம்புதிதாக ஒரேயொரு துனிசிய முத்திரை, அதுவும் அன்று காலையில் குத்தியது.

"போன வருசம் எந்த வழியால் உள்ளே வந்தார்?" என்று கேட்டார்.

நான் வாசலைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கழுதை வந்தது. சாகவில்லை, ஒரு காலைக் கொஞ்சம் நொண்டியது. சொந்தக்காரர் ஒரு கிழவர், கயிற்றில் பிடித்துக்கொண்டு அழாக்குறையாக வந்தார். காரை அடையாளம் காட்டச் சொன்னார்கள். அவர் காரைச் சுற்றிப் பார்ப்பதற்குள் கழுதை முன்னால் போய் மோந்து பார்த்தது. பிறகு நாக்கை நீட்டி விளக்கை நக்கியது. பிறகு கம்பிகளுக்குள் இருந்த வத்தகப்பழச் சதையைப் பல்லால் இழுத்து இழுத்துத் தின்னத் தொடங்கியது. முன் தட்டு முழுவதையும் துப்புரவாக்கிவிட்டு, தில்லையண்ணையின் சட்டைக்கு வந்தது. அவர் அசையாமல் நின்று கொடுத்தார்.

எட்டுப்பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கிழவரும் சிரித்தார். இந்தக் கார் இல்லை, அடித்தது வேறு நிறம் என்று சொல்லிவிட்டார். எங்களுக்குத் தேநீர் வந்தது. பவளமக்கா பெருமூச்சு விட்டார். நானும் எழுந்து கடவுச்சீட்டுக்குக் கையை நீட்டினேன்.

அதிகாரி அதைத் தரவில்லை. மேசையில் வைத்து அதன்மேல் கையை வைத்தார். கழுதை விஷயம் முடிந்தது, போன வருட விஷயத்துக்கு வருவோம் என்றார்.

அந்த நிமிடத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கும். முத்திரை இல்லாமல் வந்தேன் என்றால் கள்ளமாக எல்லை தாண்டிய குற்றம். விடுமுறை முடிவதற்குள் திரும்ப முடியாது, வேலை போகும், வேலை போனால் அனுமதி அட்டை போகும். வரவேயில்லை என்று உண்மையைச் சொன்னால் வனஜா போய்விடுவாள். நம்புவீர்களோ தெரியாது, நான் கொஞ்ச நேரம் சிறைக்குப் போவதைப் பற்றித்தான் யோசித்தேன். ஒரு ஆறு மாதம் கிடந்துவிட்டு வந்தால் படத்திலுள்ள பெண் காத்திருப்பாள் என்று கணக்குப் போட்டேன். அவ்வளவு முட்டாள்.

"சொல்லுமன் தம்பி, எந்தத் துறைமுகத்தால வந்தனீர் எண்டு? ஏன் பேசாமல் நிக்கிறீர்?" என்றார் பவளமக்கா. பாவம், அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

"நான் வரேல்லை அக்கா."

"என்ன?"

"போன வருசம் நான் வரேல்லை. பீலில படுத்திருந்தனான்."

தில்லையண்ணை தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். அக்கா, எந்த உணர்ச்சியும் இல்லாத குரலில், அதைக் கடைக்காரருக்கு ஜெர்மனில் சொன்னார். அந்த அறையில் எனக்கென்று வேறு மொழிபெயர்ப்பாளர் இல்லை. என் அவமானத்தை அவர்தான் சொல்லுக்குச் சொல் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அதிகாரி தட்டச்சு இயந்திரத்தை இழுத்து வைத்தார். இப்படியான விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றார். இரண்டு விரலால் அரபியில் அடித்தார். சென்ற வருடம் இவர் துனிசியாவுக்கு வரவில்லை. அப்படியானால் ஏன் வந்ததாகச் சொன்னார்? ஒரு பெண்ணைக் கலியாணம் செய்வதற்காக. அந்தப் பெண் துனிசியாக்காரியா? இல்லை. அந்தப் பெண் அப்போது எங்கே இருந்தாள்? யாழ்ப்பாணத்தில். அப்படியானால் துனிசியா எதற்கு? இந்த இடத்தில் அதிகாரி பதிலுக்கு ஒரு வரி இடம் விட்டார். அது இன்றும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

வேறு ஏதாவது பொய் சொல்லியிருக்கிறாரா என்று அதிகாரி கடைசியாகக் கேட்டார். வழக்கமான கேள்விதான், இல்லை என்றால் முடிந்தது. ஆனால் எனக்குள் ஏதோ கழன்றுவிட்டது. எல்லாம் போய்விட்டது, இனி எதைக் காப்பாற்ற என்று ஒரு விரக்தி. கண்ணீரும் வந்துவிட்டது. ஒவ்வொன்றாகக் கொட்டினேன். எனக்குக் கீழே நாலுபேர் இல்லை. பிரெஞ்சு தெரியாது. கார் ஓடத் தொடங்கி ஐந்து கிழமை. வயது இருபத்தெட்டு இல்லை. ஹோட்டல் படிப்பு முடிக்கவில்லை. பாசலுக்கு ஒருமுறை என் கையால் சமைத்தது என்று கொண்டுபோன கோழிக்கறி, பக்கத்து அறைப் பொடியன் சமைத்தது. இது தேவையில்லை என்று அதிகாரி கையைக் காட்டியும் நான் நிறுத்தவில்லை. அக்காவும் மொழிபெயர்ப்பதை நிறுத்தவில்லை. கோழிக்கறி வந்தபோது மட்டும் அவர் குரல் ஒருமுறை தடுமாறியது.

இரண்டு பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டேன். அதிகாரி வட்டமான முத்திரை குத்தி, வெளியேறும்போது யாராவது கேட்டால் காட்டு என்று ஒரு பிரதியைத் தந்தார். எழுந்து என் தோளில் தட்டி ஏதோ சொன்னார். தானும் கலியாணத்துக்கு முன்னர் நிறையச் சொல்லியிருப்பதாகச் சொல்கிறார் என்று கடைக்காரர் விளக்கினார்.

நாங்கள் புறப்படும்போது பவளமக்கா திரும்பி நின்றார்.

"எனக்கும் ஒரு கொப்பி தருவினமோ எண்டு கேளுங்கோ."

தந்தார்கள். அதற்கும் முத்திரை குத்தித்தான்.

கஃப்சா போகும் வழியில் பாதியில்தான் அக்கா வாயைத் திறந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"தம்பி, நீர் கார் ஓடுறீரோ இல்லையோ எண்டு பாக்க நான் வரேல்லை. அவள் பிறந்ததுக்கு வீட்டை விட்டு எங்கையும் தனியப் போகாதவள். இனி ஒரு ஆளின்ர சொல்லை மட்டும் நம்பிக்கொண்டு தனியப் பிளேன் ஏறப்போறாள். அந்தச் சொல் எப்பிடியானது எண்டு பாக்கத்தான் வந்தனான்."

எனக்கு முன்னால் ரோடு தெரியவில்லை. தில்லையண்ணைதான் பக்கத்திலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். கலியாண வீட்டில் பெசீர் கட்டிப்பிடித்து வரவேற்றான். அவர்கள் போட்ட ஆட்டிறைச்சியை நான் தலைகுனிந்து தின்றேன். திரும்பும் வழி முழுக்கப் பின் இருக்கையில் நீலக் கடிதம் எழுதப்படவில்லை. எழுத இனி என்ன இருக்கிறது? கப்பலில் அக்கா வாக்குமூலப் பிரதியையும், அதிலிருந்ததைத் தமிழில் எழுதிய தாளையும் ஒரு பெரிய உறைக்குள் போட்டு ஒட்டுவதைக் கண்டேன். என்னைக் கண்டும் அவர் மறைக்கவில்லை.

பிறகு பாசலுக்கு யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பீல் ரயில் நிலையம்வரை நடந்துபோய், பாசல் ரயில் புறப்படுவதைப் பார்த்துவிட்டு அறைக்குத் திரும்புவேன். காரை விற்றுவிட்டேன். வேலையில் என் கைக்கு வந்த கூடுகளை எல்லாம் அளவுக்கு மிஞ்சித் தேய்த்துப் பாழாக்கினேன். ஊரில் நிலைமை மோசம் என்று செய்தி வரும்போதெல்லாம், என் வாய்க்கொழுப்பால் ஒரு பெண் அங்கே அடைபட்டுக் கிடக்கிறாளே என்று அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். அந்த மூன்று மாதத்தைப்போல ஒரு காலத்தை நான் வாழ்க்கையில் பார்க்கவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தில்லையண்ணை தொலைபேசியில் வந்தார். "தம்பி, தங்கச்சி ஓமெண்டிட்டாவாம். நல்லதுதானே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வனஜா வந்து இறங்கி இப்போது முப்பது வருடத்துக்கு மேல். அந்த இரண்டு பக்கமும் எங்கள் திருமணப் பதிவுப் பத்திரத்தோடு ஒரே கோப்பில் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டுபேரும் அந்த அரபி மூலத்தையே வாசிக்க ஆட்களைத் தேடினார்கள். மகன் சூரிச்சில் அரபி தெரிந்த நண்பன் ஒருவனைப் பிடித்து முழுவதையும் மொழிபெயர்ப்பித்துக் கொண்டான். இப்போது எங்கள் குடும்பத்தில் யார் பெருமையடித்தாலும், "அப்ப துனிசியாவுக்கு ஒருக்காப் போவமோ?" என்று யாராவது கேட்பார்கள். பெருமை அதோடு நின்றுவிடும். போன வருடம் மகள் தன் வருங்காலக் கணவனை, ஒரு சுவிஸ் பொடியனை, வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவன் தனக்கு உறைப்பு எவ்வளவும் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டு கண்ணீர் வழியச் சாப்பிட்டான். பவளமக்கா ஜெர்மனில் அதே கேள்வியைக் கேட்டார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் தண்ணீர்ப் போத்தலை அவன் பக்கம் தள்ளிவிட்டு, உடனே ஒத்துக்கொள் என்று காதுக்குள் சொன்னேன்.

அன்று எல்லோரும் போனபின், இவ்வளவு காலம் கேட்கப் பயந்திருந்த கேள்வியை வனஜாவிடம் கேட்டேன். அதை வாசித்த பிறகும் ஏன் ஓம் என்றாய்?

அவள் கோப்பை கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அந்த வருசம் எனக்கு மூண்டு சம்பந்தம் வந்தது. மற்ற ரெண்டுபேரைப் பற்றியும் நல்லது மட்டும்தான் எழுதி வந்தது. உங்களைப் பற்றித்தான் கெட்டது வந்தது, ரெண்டு பக்கத்தில, சீல் குத்தி. கெட்டது இவ்வளவுதான் எண்டு தெரிஞ்ச ஆள் நீங்கள் ஒருத்தர்தான். அதை நம்பித்தான் ஏறினனான்."

இவ்வளவுதான் என்று நம்பிக்கொண்டு பிளேன் ஏறியிருக்கிறாள், பாவம்.